செல்ட்டனம் சாம்பியன் பம்பர்: டிசம்பரிலேயே கட்டுவதா, மார்ச் வரை பொறுப்பதா?

சேணம்
வருஷா வருஷம் இதே கூத்துதான். நவம்பர், டிசம்பரில் அயர்லாந்தில் ஏதாவது ஒரு இளங்குதிரை பத்து லென்த் (குதிரை நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டால் போதும், அன்று சாயங்காலமே புக்கிகள் (பந்தயப் பணம் வாங்கும் கடைக்காரர்கள்) இங்கிலாந்தின் செல்ட்டனத்தில் மார்ச் மாதம் நடக்கும் குதிரைப் பந்தயமான சாம்பியன் பம்பருக்கு 1-க்கு 12 (ஒரு பவுண்டுக்கு 12 பவுண்டு லாபம்), 1-க்கு 16 என்று ரேட் போட்டுவிடுகிறார்கள். "இப்பவே பிடிச்சாத்தான் உண்டு" என்று ஒரு கூட்டம் ஓடுகிறது. என் வாதம் இதுதான்: நான்-ரன்னர் நோ பெட் சலுகை (குதிரை ஓடாவிட்டால் பணம் திரும்பும்) வரும்வரை இந்த ரேசில் ஒரு பவுண்டுகூடக் கட்டக் கூடாது.

புதியவர்களுக்காக: பம்பர் என்பது தடை தாண்டும் பந்தயங்களுக்கென்றே வளர்க்கும் குதிரைகளுக்கு, தடை எதுவும் வைக்காமல் நடத்தும் ஓட்டம். செல்ட்டனம் விழாவின் இரண்டாம் நாள், சுமார் 2 மைல், 4 முதல் 6 வயது வரை. 1992-ல் தொடங்கியது. ஆன்டி-போஸ்ட்டாக, அதாவது முன்கூட்டியே, கட்டினால் குதிரை அன்றைக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் கட்டியது கட்டியதுதான். ஓடவில்லை என்றால் பூஜ்யம்.

ஓடாமல் போக எத்தனை வழி என்று பாருங்கள். இருமல், காலில் வீக்கம் எல்லாம் எந்த ரேசுக்கும் பொது. இந்த ரேசுக்கென்றே சில உண்டு. ஜனவரியில் "பையனுக்கு ஹர்டில் நன்றாக வருகிறது" என்று ட்ரெய்னர் ஒருமுறை தடைப் பந்தயத்தில் விட்டால் பம்பருக்குத் தகுதியே போயிற்று. "இன்னும் சின்னப் பிள்ளை, ஏப்ரல் கடைசியில் அயர்லாந்தின் பஞ்ச்ஸ்டவுன் விழாவுக்குப் போகலாம்" என்பார்கள். இங்கிலாந்தில் ஏய்ன்ட்ரீ மைதானத்துப் பம்பர் வேறு இருக்கிறது. இதில் எது நடந்தாலும் டிசம்பரில் கட்டிய பணம் உங்களுக்குத் திரும்பி வராது.

கடைசி ஃபர்லாங்
சேணம் அண்ணே, நீங்க சொன்ன ஆபத்து எல்லாம் நிஜம்தான். ஆனா அதுக்குச் சேர்த்துதானே ரேட் கொடுக்கிறான்? கேள்வி ஆபத்து இருக்கான்னு இல்ல, அதுக்கு ஏத்த கூலி கிடைக்குதான்னுதான்.

புக்கி இந்த மார்க்கெட்டை எப்படிப் போடுறான்னு பாருங்க. ஜெயிச்ச தூரம், ட்ரெய்னர் பேரு, தாய்க்குதிரை பேரு. இந்த மூணுதான். ஃபசீல் வேகாங்கிற குதிரை கேஸ்ல தாய் கெவேகா, 2009-லிருந்து 2014 வரைக்கும் செல்ட்டனத்துல மேர்ஸ் ஹர்டில்ங்கிற பெண் குதிரைத் தடைப் பந்தயத்தை வரிசையா ஆறு தடவை ஜெயிச்சவ. அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் ஓட்டத்துக்கு முன்னாடியே ரேட் இறுக்கமாத்தான் இருக்கும். ஃபசீல் வேகா 2022-ல சாம்பியன் பம்பரை ஜெயிச்சான், ஆனா அங்க முன்கூட்டிக் கட்டி லாபம் பார்க்க இடமே கிடையாது. அந்த மாதிரி குதிரையில கட்டுறவனுக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.

இடம் இருக்கிறது பேர் இல்லாத குதிரையில. 2010-ல க்யூ கார்ட் நாலு வயசு, அதுவரைக்கும் ஓடினது ஃபான்ட்வெல்ல ஒரே ஒரு ரேஸ். செல்ட்டனத்துல 1-க்கு 40, எட்டு லென்த்ல ஜெயிச்சது. ஃபான்ட்வெல் மாதிரி சின்ன ட்ராக்ல ஜெயிச்சதை எவனும் மதிக்கல.

சேணம்
தம்பி, உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. க்யூ கார்டுக்கு ரேஸ் நாளிலேயே 1-க்கு 40 கிடைத்தது. முன்கூட்டிக் கட்ட என்ன அவசியம்? 2013-ல் ப்ரையர் ஹில் 1-க்கு 25, 2018-ல் ரெலிகேட் 1-க்கு 25. இரண்டும் அயர்லாந்து ட்ரெய்னர் வில்லி முல்லின்ஸ் லாயத்துக் குதிரைகள், இரண்டும் அன்றைய ரேட். இந்த ரேசின் பெரிய ரேட்டுகள் மார்ச்சிலும் கிடைக்கின்றன. முன்கூட்டிக் கட்டுவதால் மிச்சம் பிடிக்க முடிவது ஃபேவரிட் (ரேட் மிகக் குறைந்தது) ஆகப்போகும் குதிரையில் மட்டும்தான். அது எது என்று டிசம்பரில் தெரியுமா?

கணக்குப்பிள்ளை
இருவரும் எண் இல்லாமல் சண்டை போடுகிறீர்கள். எண்ணைப் போடுவோம்.

டிசம்பர் ரேட் 1-க்கு 16 என்றால் பணத்தோடு சேர்த்துத் திரும்புவது 17. ரேஸ் நாளில் 1-க்கு 4 ஆகும் (அதாவது 5) என்று நம்புகிறீர்கள். 5-ஐ 17-ஆல் வகுத்தால் 29 சதவீதம். குதிரை ஓடும் வாய்ப்பு 29 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன்கூட்டிக் கட்டியது லாபம் என்று பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இது தப்புக் கணக்கு.

முதல் ஓட்டை: ஓடினாலும் எல்லா நேரமும் 1-க்கு 4 ஆகாது. பாதி தடவை 1-க்கு 4, பாதி தடவை பிப்ரவரியில் சொதப்பி 1-க்கு 12 என்று வைத்துக்கொள்வோம். ரேட்டுகளின் சராசரியை எடுக்கக் கூடாது, வாய்ப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். ஐந்தில் ஒன்று 20 சதவீதம், பதின்மூன்றில் ஒன்று 7.7, சராசரி சுமார் 13.85. பதினேழில் ஒன்றான 5.88-ஐ இதனால் வகுத்தால், தேவையான ஓடும் வாய்ப்பு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இரண்டாம் ஓட்டை: அன்றைய ரேட்டிலும் புக்கியின் கழிவு இருக்கிறது. எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் கூட்டினால் 120 வருகிறது என்று கொண்டால், 13.85 என்பது உண்மையில் 11.5. இப்போது தேவை 51 சதவீதம். அதாவது நாணயம் சுண்டுவதைவிட அதிக உறுதியோடு "இது மார்ச்சில் செல்ட்டனத்தில் நிற்கும்" என்று சொல்ல முடிந்தால்தான் 1-க்கு 16 வாங்க வேண்டும். ஒரே ஒரு ஓட்டம் ஓடிய குதிரையைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது.

கடைசி ஃபர்லாங்
கணக்கு சார், கணக்குல தப்பு சொல்லல. ஆனா அந்த 1-க்கு 4-ம் 1-க்கு 12-ம் பாதிப் பாதின்னு நீங்களா வச்சது. ஃபார்ம் (குதிரையோட பழைய ஓட்டங்கள்) படிக்கிறவன் சம்பாதிக்கிறதே அந்த விகிதத்துலதான்.

பம்பர்ல ஜெயிச்ச தூரம் பெரிய பொய். முக்கால்வாசி பம்பர் மெதுவா ஓடி கடைசி மூணு ஃபர்லாங் (ஃபர்லாங்னா மைல்ல எட்டில் ஒண்ணு) மட்டும் ஓட்டப்போட்டி. அதுல வேகமா திரும்பினவன் எட்டு லென்த் எடுப்பான், அவன் நல்ல குதிரைன்னு அர்த்தமில்ல. நான் சொல்ற முறை: அதே நாள், அதே ட்ராக்ல ரெண்டு மைல் ஹர்டில் ரேஸ் ஒண்ணு இருக்கும். ரெண்டு வீடியோவையும் எடுத்து, கடைசித் திருப்பத்துல ஒரு கம்பத்தைக் குறிச்சுக்கிட்டு, அங்கிருந்து முடிவு வரைக்கும் ரெண்டுக்கும் நேரம் எடுங்க. தடை இல்லாததால பம்பர் வேகமா வரணும், அது இயல்பு. மொத்த நேரமும் நல்லா இருந்து கடைசிப் பகுதியும் வேகமா இருந்தா அதான் குதிரை. மொத்த நேரம் மோசம், கடைசி மட்டும் பிரமாதம்னா ஒதுக்கிடுங்க, செல்ட்டனத்துல பெரிய கூட்டத்துல ஆரம்பத்திலிருந்தே வேகம் இருக்கும், கடைசி ஏற்றத்துல மூச்சு வாங்கிடும்.

இந்த வேலையை ரேஸ் முடிஞ்ச அன்னைக்கே செய்யணும். ரெண்டு வாரம் கழிச்சு இரண்டாவதா வந்த குதிரை போய் வேற ரேஸ் ஜெயிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுடும், ரேட் போயிடும்.

ஷானன்கரை
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டிசம்பர், மார்ச் என்று இரண்டே புள்ளியை வைத்துப் பேசுகிறீர்கள். நடுவில் பிப்ரவரி தொடக்கத்தில் லெப்பர்ட்ஸ்டவுனில் டப்ளின் ரேசிங் ஃபெஸ்டிவல் இருக்கிறதே? அங்கே கிரேடு 2 தரப் பம்பர் ஒன்று உண்டு.

2019 என்வாய் ஆலன் அங்கே ஜெயித்து செல்ட்டனமும் ஜெயித்தது. 2020 அப்ரிஷியேட் இட் அங்கே ஜெயித்தது, செல்ட்டனத்தில் இரண்டாவது. 2021 கில்க்ரூட் அங்கே ஊதித் தள்ளியது, செல்ட்டனத்தில் ஃபேவரிட், இரண்டாவது. 2022 ஃபசீல் வேகா, 2023 எ ட்ரீம் டு ஷேர், இரண்டும் இரட்டை வெற்றி. ஐந்து வருஷம், ஐந்து குதிரையும் முதல் இரண்டுக்குள்.

இதில் கவனிக்க வேண்டியது கில்க்ரூட்டைத் தோற்கடித்தது யார் என்பது. சர் ஜெர்ஹார்ட். அதுவரை ட்ரெய்னர் கோர்டன் எலியட்டிடம் இருந்த குதிரை. விழாவுக்குச் சில வாரம் முன்பு எலியட் புகைப்படச் சர்ச்சையில் சிக்க, உரிமையாளரான செவ்லி பார்க் ஸ்டட் தன் குதிரைகளை அங்கிருந்து எடுத்தது. சர் ஜெர்ஹார்ட் முல்லின்ஸிடம் போய்ச் சேர்ந்தது. கில்க்ரூட்டும் முல்லின்ஸ் குதிரைதான். டிசம்பரில் கட்டியவர் எவருக்காவது இது கணக்கில் இருந்திருக்குமா?

சேணம்
அதைத்தான் நானும் சொல்கிறேன். லெப்பர்ட்ஸ்டவுன் முடியட்டும்.

ஷானன்கரை
இல்லை, நீங்கள் அதற்கும் பிறகு, சலுகை வரட்டும் என்கிறீர்கள். லெப்பர்ட்ஸ்டவுன் முடிந்த ஐந்து நிமிஷத்தில் ஜெயித்த குதிரையின் ரேட் நொறுங்கிவிடும், அதைத் துரத்த வேண்டாம். நான் பார்ப்பது அங்கே ஓடாமல் வேண்டுமென்றே வீட்டில் வைக்கப்பட்ட குதிரைகளை.

2025 வரை இந்த ரேசை முல்லின்ஸ் 14 முறை ஜெயித்திருக்கிறார். அவரிடமே நாலைந்து குதிரை இருக்கும், லெப்பர்ட்ஸ்டவுனுக்கு எல்லாவற்றையும் அனுப்பமாட்டார். முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவர் பேட்டியில் "செல்ட்டனத்துக்கு நேராகப் போகலாம்" என்று சொன்னாரா, "பஞ்ச்ஸ்டவுன்" என்றாரா, "அடுத்த வருஷம் நல்ல குதிரையாக வரும்" என்றாரா என்று கேளுங்கள். மூன்றாவது வாக்கியம் வந்தால் தொடவே வேண்டாம்.

ஜாக்கியும் ஒரு தடயம். அயர்லாந்து பம்பர்களில் பெரும்பாலும் அமெச்சூர்கள்தான் ஓட்டுகிறார்கள். சாம்பியன் பம்பரில் தொழில்முறை ஜாக்கிகளும் உண்டு. லாயத்தின் முதல் ஜாக்கி எதில் ஏறுகிறார் என்பது கடைசி நாட்களில்தான் தெரியும், அவர் தப்பாகத் தேர்ந்ததும் உண்டு. ரெலிகேட்டில் ஏறியது அமெச்சூரான கேட்டி வால்ஷ்.

புதுசு
ஒரு சந்தேகம். ஈச்-வே கட்டினால் ஆபத்து பாதியாகுமா? நான்-ரன்னர் நோ பெட் என்றால் ரூல் 4 கழிவு வருமா?

கணக்குப்பிள்ளை
ஈச்-வே என்றால் இரண்டு பெட்: ஒன்று ஜெயிக்க, ஒன்று முதல் சில இடங்களுக்குள் வர. 5 பவுண்டு ஈச்-வே என்றால் கையிலிருந்து போவது 10. குதிரை ஓடாவிட்டால் 10-ம் போகும், பாதி எல்லாம் கிடையாது. ஓடினால்தான் உதவி: 1-க்கு 20, ஐந்தில் ஒரு பங்கு, மூன்று இடம் என்றால் இட பாகம் 1-க்கு 4, இரண்டாவது வந்தால் 25 பவுண்டு திரும்பும். விதிமுறை கட்டிய நாளில் உள்ளதுதான். ரேஸ் நாளில் அதே கடை நான்கு இடம், ஐந்து இடம் கொடுக்கும், அது உங்கள் பழைய சீட்டுக்குப் பொருந்தாது. நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ரூல் 4 என்பது ஓடும் குதிரைகளின் இறுதி அறிவிப்புக்குப் பிறகு ஒரு குதிரை விலகினால் மற்ற குதிரைகளில் கட்டியவர்களின் லாபத்தில் பிடிப்பது. விலகிய குதிரை ஈவன் என்றால் பவுண்டுக்கு 45 பென்ஸ், 1-க்கு 2 என்றால் 30, 1-க்கு 14-க்கு மேல் என்றால் எதுவும் இல்லை. வழக்கமான ஆன்டி-போஸ்ட் சீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. முன்கூட்டிக் கட்டுபவருக்கு உள்ள ஒரே இனாம் அதுதான்: ஃபேவரிட் அன்று காலை விலகினால் உங்கள் 1-க்கு 16 அப்படியே நிற்கும். நான்-ரன்னர் நோ பெட் சீட்டுக்குக் கடைக்குக் கடை விதி மாறும், கட்டும் முன் படியுங்கள்.

சேணம் அவர்களின் சலுகையையும் ஒப்பிட்டுவிடலாம். ஒரே குதிரை, சாதாரண ரேட் 1-க்கு 16, சலுகையோடு 1-க்கு 10. ஓடினால் ஜெயிக்கும் வாய்ப்பு 12 சதவீதம் என்றால், இரண்டும் சமமாகும் புள்ளி ஓடும் வாய்ப்பு 58 சதவீதம். அதற்கு மேல் உறுதி இருந்தால் 16, கீழே என்றால் 10. சலுகை இலவசம் இல்லை, ரேட்டிலேயே அதற்குக் காசு பிடித்திருக்கிறான்.

கடைசி ஃபர்லாங்
எக்ஸ்சேஞ்சை (கட்டுறவங்க ஒருத்தருக்கொருத்தர் எதிரா கட்டிக்கிற தளம்) யாருமே சொல்லலியே. டிசம்பர்ல புக்கிகிட்ட 17-க்கு (பணத்தோட சேர்த்து, அதாவது 1-க்கு 16) 10 பவுண்டு, லெப்பர்ட்ஸ்டவுனுக்கு அப்புறம் எக்ஸ்சேஞ்சில 7 ஆச்சுன்னா அங்க 10 பவுண்டுக்கு லே பண்ணுங்க, அதாவது அந்தக் குதிரை ஜெயிக்காதுன்னு கட்டுங்க. தோத்தா கமிஷன் மட்டும் போகும், ஜெயிச்சா 100 பவுண்டு. இல்ல 24.29 பவுண்டுக்கு லே பண்ணா எது நடந்தாலும் சுமார் 14 பவுண்டு, குதிரை தோத்தா அதுல கமிஷன் போகும். அதுக்கு அக்கவுண்ட்ல 146 பவுண்டு கிட்ட முடங்கிக் கிடக்கணும், ஞாபகம் வச்சுக்கோங்க.

சேணம்
பேப்பரில் அழகு. பிப்ரவரியில் அந்த எக்ஸ்சேஞ்சைத் திறந்து பாருங்கள், 7 என்பது ஜெயிக்கும் என்று கட்டும் பக்கம், லே பண்ண வேண்டிய பக்கம் 9.4 என்று நிற்கும், அதிலும் 12 பவுண்டு மட்டும். கடையில் 1-க்கு 6 என்று போட்டிருப்பதை வைத்து லாபக் கணக்கு போடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் உண்மையில் எந்த ரேட்டில் எவ்வளவு பணம் நிற்கிறது என்பதுதான் உங்கள் ரேட். அங்கேயும் ஆன்டி-போஸ்ட் மார்க்கெட்டில் விலகிய குதிரைக்குப் பணம் திரும்பாது, ஆக லே பண்ணும் முன் காயச் செய்தி வந்தால் உங்கள் 10 பவுண்டு காலி.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: ஷானன்கரை சொன்ன "லெப்பர்ட்ஸ்டவுனில் ஓடாத முல்லின்ஸ் குதிரை" என்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் அதையும் பிப்ரவரியில் கட்டலாம், டிசம்பரில் வேண்டாம்.

ஷானன்கரை
பெண் குதிரைகளை மறந்துவிட்டீர்கள். 2017 ஃபயோனா, 2018 ரெலிகேட், 2025 பாம்பினோ ஃபீவர். 7 பவுண்டு எடைச் சலுகை உண்டு, கடைகள் இதைக் குறைத்தே மதிக்கின்றன. ஆனால் ஓடும் வாய்ப்பும் குறைவு: ஏய்ன்ட்ரீயில் பெண் குதிரைகளுக்கென்றே கிரேடு 2 பம்பர் இருக்கிறது, சில உரிமையாளர்களுக்கு அந்தக் கிரேடு வெற்றி இனப்பெருக்க மதிப்புக்குப் போதும். கணக்குப்பிள்ளையின் 51 சதவீதத்தை இவர்களுக்கு எப்படி மாற்றுவீர்கள்?

கணக்குப்பிள்ளை
தேவை மாறாது, நம் மதிப்பீடுதான் மாறும். ட்ரெய்னர் செல்ட்டனம் என்று வாய் திறந்து சொல்லாத பெண் குதிரைக்கு நான் 35-க்கு மேல் போடமாட்டேன். 1-க்கு 16-க்குப் பதில் 1-க்கு 25 கொடுத்தால் பேசலாம்: அதே 11.5-ஐ வைத்தால் தேவை 33-க்குச் சற்று மேல் இறங்குகிறது.

கடைசி ஃபர்லாங்
அப்படின்னா 1-க்கு 25-ல டிசம்பர்லயே கட்டலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். சேணம் அண்ணே, பாத்துக்கோங்க.

சேணம்
எந்தக் கடையில் 1-க்கு 25? சீட்டை எழுதிக் கேளுங்கள், எவ்வளவுக்கு எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.