மேலோட்டுச் சுருக்கமா, குறுக்கமா?

மலைகள் எழும்போது நில மேலோட்டின் (பூமியின் வெளிப்புறப் பாறை அடுக்கின்) கிடைநீளம் குறைவதற்கு 'மேலோட்டுச் சுருக்கம்' என்ற சொல்லை நண்பர் முன்வைத்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூமி ஆறிச் சுருங்கியது, காய்ந்த பழத்தோல் போல மலைகள் புடைத்தன என்று 19-ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். கைவிடப்பட்ட அந்தக் கொள்கையை இந்தச் சொல் திரும்பக் கூட்டிவருகிறது. மலையாக்கத்தில் பாறை சுருங்குவதில்லை.

சேலைக் கொசுவத்தைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் துணி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. துணி குறையவில்லை, அது பிடிக்கும் இடம்தான் குறைந்தது, கூடவே தடிமன் ஏறியது. கண்ட மேலோடு சாதாரணமாக 35, 40 கி.மீ. தடிமன். இந்தியாவைச் சுமந்து நகரும் பாறைத் தட்டு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளாக நெருக்கிவரும் திபெத்துக்கு அடியிலோ சுமார் 70 கி.மீ.!

சரி, 'மடிப்பொடுக்கம்' என்று வைக்கலாமே என்று இன்னொருவர் கேட்டார். அழகான சொல். ஆனால் இமயமலையில் மடிப்பு பாதிக் கதைதான். பாறை உடைந்து, ஒரு பாளம் இன்னொன்றின் மேல் கூரை ஓடு போல ஏறியும் நீளம் குறைகிறது. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு தெற்கே ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்தது, சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. சில நொடிகளில் நடந்த அந்த நகர்வில் மடிப்புக்கு என்ன வேலை?

நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: குறுக்கம். தனியே இரண்டு மாத்திரை ஒலிக்கும் ஐகாரம் 'தலைவன்' என்பதில் ஒரு மாத்திரையாகிறது. எழுத்து எங்கும் போகவில்லை, அளவு மட்டும் குறைந்தது. நமக்கு வேண்டிய பொருளும் இதுவே. 'மேலோட்டுக் குறுக்கம்' என்றால் மடிப்பு, பிளவு இரண்டும் அடங்கும். 'இமயத்தின் குறுக்க வீதம் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ.' என்று தடையில்லாமல் எழுதலாம்.

தென்மாவட்டங்களில் குறுக்கம் நில அளவைப் பெயர் என்பது தெரியும். 'மேலோட்டு' முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது. எனக்கு உறுத்துவது 'குறுக்குவெட்டு'தான். மலையின் குறுக்குவெட்டில் குறுக்கத்தை அளந்தார்கள் என்று எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார். அங்கே மட்டும் 'வெட்டுமுகம்' என்று எழுதிவிடலாமா?