உதவி: பொலேரோ கேம்பரில் இரவு ஃப்ரிட்ஜ் நிற்கிறது, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

சேலத்துச் சக்கரம்:
வணக்கம். ஒன்பது வருடம் ஓடிய பொலேரோ கேம்பர் (பின்சீட்டும் பின்னால் திறந்த லோடு பாடியும் உள்ள பிக்கப்), ஃபோர் வீல் டிரைவ், போன தீபாவளிக்கு முன் வாங்கினேன். லோடு பாடியில் நானும் மனைவியும் படுக்க, மகளுக்குப் பின்சீட். ஒதுக்கிய பணம் 40,000. இதுவரை ஆனது: இரும்புச் சட்டம், தார்ப்பாய், 12 எம்எம் பிளைவுட் படுக்கை (பின்பலகையைத் திறந்து நீட்டினால்தான் என் கால் கொள்ளும்), பழைய 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒன்று, குட்டி ஃபேன், எல்இடி விளக்கு. கையில் மீதி 18,000.

ஏற்காட்டில் தெரிந்தவர் காபித் தோட்டத்தில் இரண்டு இரவு தங்கினோம். முதல் இரவு பத்து மணியிலிருந்தே ஃப்ரிட்ஜ் சிவப்பு விளக்கு போட்டு நின்றுகொண்டே இருந்தது. பாட்டரி எவ்வளவு இறங்கியதும் ஃப்ரிட்ஜ் நிற்க வேண்டும் என்ற பாதுகாப்பு பட்டனை H-லிருந்து (சீக்கிரம் நிற்கும்) L-க்கு (கடைசி வரை ஓடும்) மாற்றினேன். அடுத்த இரவு நிற்காமல் ஓடியது. காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நாலு பேர் சரிவில் தள்ளிவிட, இரண்டாம் கியரில் எடுத்தேன்.

பாட்டரியை மாற்றவா, அதற்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவையா? அப்புறம், கூரைக் கூடாரம் ஒன்று பழையது வருகிறது, வாங்கலாமா?

மலைக்காற்று:
டைனமோ போயிருக்கும். மாற்றிவிடுங்கள்.

பழைய ஸ்பேனர்:
எதையும் மாற்றாதீர்கள் தம்பி. முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி நாலு எண் சொல்லுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து பாட்டரி முனையில் எவ்வளவு? எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் எவ்வளவு? ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடும்போது பாட்டரி முனையில் எவ்வளவு, அதே நேரம் ஃப்ரிட்ஜ் பிளக்கில் எவ்வளவு? ஃப்ரிட்ஜுக்கு ஒயர் எங்கிருந்து எடுத்தீர்கள், என்ன தடிமன்?

சேலத்துச் சக்கரம்:
நிறுத்தி வைத்து 12.6. எஞ்சின் ஓடும்போது 14.1. கம்ப்ரசர் ஓடும்போது பாட்டரியில் 12.4, பிளக்கில் 11.3. வீட்டில் மிச்சமிருந்த 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை டேஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பின்னாலிருந்து இழுத்தேன். நீளம் ஐந்து மீட்டர் இருக்கும்.

பழைய ஸ்பேனர்:
14.1 வருகிறது என்றால் டைனமோ நன்றாக இருக்கிறது. மலைக்காற்று மன்னிக்கவும்.

குற்றவாளி அந்த ஒயர். போக ஐந்து, வர ஐந்து, ஆக பத்து மீட்டர். 1 ஸ்கொயர் செம்பில் பத்து மீட்டருக்கு 0.17 ஓம் தடை. ஃப்ரிட்ஜ் 5 ஆம்ப் இழுத்தால் 0.85 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். லைட்டர் சாக்கெட்டின் தளர்வான ஸ்பிரிங் மீதியைத் தின்கிறது. பாட்டரி நிறைந்திருக்கும்போதே ஃப்ரிட்ஜுக்கு அது தீர்ந்துபோனதாகத் தெரிகிறது, நிறுத்திவிடுகிறது. H என்ற நிலை இருப்பதே காலையில் வண்டி எடுக்க மிச்சம் வைக்கத்தான். ஒயரால் ஃப்ரிட்ஜ் சொன்ன பொய்யை நம்பி நீங்கள் L-க்குப் போனீர்கள். அது வண்டியைப் பற்றிக் கவலைப்படாமல் வழித்து எடுத்துவிட்டது.

கணக்கும் பாருங்கள். கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினாலும் பத்து மணி நேரத்தில் 25 ஆம்ப் அவர். ஃபேன் 15 வாட் என்றால் இன்னொரு 12. விளக்கையும் சேர்த்தால் 40 பக்கம். உங்கள் பாட்டரி புதிதில் 70 ஆம்ப் அவர் என்று இருந்திருந்தாலும் இப்போது அவ்வளவு இருக்காது. வண்டி பாட்டரி செல்ஃபுக்கு ஒரு நொடி பலமாக அடிக்கத்தான் செய்தது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்.

செய்ய வேண்டியது: 6 ஸ்கொயர் ஒயர், பாட்டரி முனையிலிருந்தே நேராக. பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்ப் பியூஸ். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பியூஸ் இல்லாத ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால் வண்டியே எரியும். எஞ்சின் அறையிலிருந்து வெளியே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம், சைலன்சர் குழாய்ப் பக்கம் போகாத பாதை, ஒயர் முனையில் மாட்டும் லக்கை நன்றாக நசுக்கிப் பிடிக்கவும். பிறகு ஃப்ரிட்ஜை மறுபடி H-க்கு.

திருச்சிக்காரன்:
வீட்டு இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பாட்டரியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது!

பழைய ஸ்பேனர்:
படுக்கிற இடத்திலா? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், மேட்டில் சாய்ந்தால் அமிலம் கொட்டும், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. வேண்டாம் அண்ணே. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி நல்லதுதான், ஆனால் டைனமோவிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் அது இழுக்கிற இழுப்பில் டைனமோ சூடாகிவிடும். நடுவே அந்த இழுப்பை அளவோடு வைக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 18,000-இல் அடங்காது. பிறகு பார்க்கலாம்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. வீட்டு ஃப்ரீசரில் நாலு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து எடுத்துப் போய் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வண்டி ஓடும் வரை ஃப்ரிட்ஜைக் குளிரவிட்டு, படுக்கும்போது அணைத்து மேலே கம்பளி போட்டு மூடுங்கள். காலையிலும் பால் கெடாது.

கூரைக் கூடாரம் வேண்டாம். ஐம்பது, அறுபது கிலோவை உச்சியில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் எழுபது வளைவும் ஏறிப் பாருங்கள், வண்டி எப்படிச் சாய்கிறதென்று தெரியும். அந்தப் பணத்துக்கு முதலில் டயரைப் பாருங்கள்.

கரூர் பக்கம்:
தார்ப்பாய் உள்பக்கம் சொட்டுகிறதா? மழை என்று நினைத்துப் பசை தடவாதீர்கள். மூச்சுக்காற்று குளிர்ந்து வேர்ப்பதுதான். எதிரெதிராக இரண்டு ஜன்னல் வெட்டி கொசுவலை தைத்துவிடுங்கள். கொசுவலைக்கு எங்கள் ஊரே பேர்போனது, மீட்டர் கணக்கில் வாங்கலாம். இரும்புச் சட்டத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் கேளுங்கள், கடையில் விற்கிற பிராண்ட் கேனப்பியைவிட (லோடு பாடிக்கான மேல்மூடி) மலிவு. குளிருக்காக உள்ளே அடுப்போ கரியோ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

காடுசுற்றி:
தனியார் தோட்டத்தில் தங்கியது சரி. ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை நிறுத்திப் படுத்தால் வழக்குதான். மைசூர் போகும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். இரும்புச் சட்டத்தை வெல்டு வைக்காமல் போல்ட்டில் கழற்றும்படி வையுங்கள். நிரந்தரமாக மாற்றினால் ஆர்டிஓவில் பதில் சொல்ல வேண்டிவரும்.

சேலத்துச் சக்கரம்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 6 ஸ்கொயர் ஒயர், பியூஸ், லக்கு எல்லாம் சேர்த்து 1,900 ஆனது. கம்ப்ரசர் ஓடும்போது பாட்டரியில் 12.4, பிளக்கில் 12.2. ஃப்ரிட்ஜை H-இல் வைத்து இரவு 11 மணிக்கு அணைத்தேன். காலையில் 12.3, முதல் திருப்பிலேயே எடுத்தது. கம்பளிக்குள் பால் அப்படியே இருந்தது. மகள்தான் ஏமாந்துபோனாள், வண்டி தள்ளுவதைப் பார்க்க ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

கூடாரத்தை விட்டுவிட்டேன். பின் டயர் இரண்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கரூர் அண்ணனுக்கு ஒரு கேள்வி: பின்பலகை திறந்திருக்கும் பக்கம் தார்ப்பாயை எப்படி மடக்குவது? காற்றடித்தால் அந்த ஓரம்தான் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடிக்கிறது.