ரெக்கார்டு எல்லாம் சாதனையா? (கலைச்சொல் வேண்டி)

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கன் ஃபுட்பால் இறுதியாட்ட முடிவுகளைத் தமிழில் அட்டவணையாக்கி வருகிறேன். 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் கிரீன் பே பேக்கர்ஸ் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 35–10 என வென்ற முதல் சூப்பர் பவுலில் (ஆண்டு இறுதியாட்டத்தின் பெயர்) தொடங்குகிறேன். ‘ரெக்கார்டு’ என்ற தலைப்புக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன்.

பழக்கத்தில் ‘சாதனை’ என்று போட்டேன். 1990இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் டென்வரை 55–10 என நொறுக்கியது. 45 புள்ளி வித்தியாசம், சூப்பர் பவுலில் அதுதான் பெரியது. சாதனை, சரி. அடுத்த வரி பஃபலோ பில்ஸ். 1991 முதல் 1994 வரை நான்கு ஆண்டும் இறுதிக்கு வந்து நான்கிலும் தோற்ற அணி. அதில் முதலாவது 20–19. கடைசி நொடிகளில் பில்ஸ் உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்புறம் விலகிப் போய்விட்டது. பாவம், அதற்கு நேரே ‘சாதனை’ என்று எழுதக் கை வரவில்லை.

‘எல்லைப்பதிவு’ என்று வைக்கலாமா?

*

> எல்லைப்பதிவு

தம்பி, இதைப் படித்தால் சர்வேயர் கல் நட வருகிறார் என்றுதான் தோன்றும். ‘விஞ்சா எண்’ எப்படி? வாடா மலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வென்றவர், தோற்றவர் இருவருக்கும் பொருந்தும். 1940 என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) இறுதியாட்டத்தில் சிகாகோ பேர்ஸ் வாஷிங்டனை 73–0 என வென்றது. அந்த 73ஐ இன்றுவரை எந்த அணியும் விஞ்சவில்லை.

அப்புறம், 1967இல் தொடங்கினால் இந்த ஆட்டமே விடுபட்டுப்போகும். என்.எஃப்.எல். இறுதியாட்டம் 1933இலேயே வந்துவிட்டது. பேர்ஸ் 23, நியூயார்க் ஜயன்ட்ஸ் 21.

*

> விஞ்சா எண்

ஐயா சொன்னது அழகான சொல். ஆனால் 2019இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ராம்ஸை வென்றது 13–3. இரு அணியும் சேர்ந்து எடுத்த 16 புள்ளிதான் சூப்பர் பவுலிலேயே குறைவு. குறைவதை எப்படி விஞ்சுவது? செய்தித்தாளில் ‘முறியடித்தார்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ‘முறியா எண்’ என்றால் இரண்டு பக்கமும் போகும்.

இன்னொன்று. மியாமி டால்ஃபின்ஸ் 1972 பருவத்தில் 17 ஆட்டத்தில் 17 வெற்றி பெற்றதே, அந்த 17–0ஐயும் ஆங்கிலத்தில் ரெக்கார்டு என்பார்கள். அதற்கு ‘வெற்றி தோல்விக் கணக்கு’ போதும், புதுச்சொல் வேண்டாம். இரண்டையும் கலந்தால் குழப்பம். 2008இல் 18 ஆட்டம் தோற்காமல் வந்த பேட்ரியாட்ஸ் இறுதியில் ஜயன்ட்ஸிடம் 14–17 என வீழ்ந்தது. 18–1 அவர்கள் கணக்கு. சூப்பர் பவுல் வந்த பின் தோற்காமல் பட்டம் வென்ற ஒரே பருவம் என்ற பெருமை மியாமியிடமே இருக்கிறது.

*

> முறியா எண்

முறிக்கவே முடியாதது என்று ஒலிக்குமோ என முதலில் தயங்கினேன். அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். 2017க்கு முன் சூப்பர் பவுலில் பின்தங்கி வென்றவர்கள் எட்டிப்பிடித்த பெரிய இடைவெளி 10 புள்ளி. அட்லாண்டாவிடம் 3–28 என்று கிடந்த பேட்ரியாட்ஸ் கூடுதல் நேரத்தில் 34–28 என வென்றதும் அது 25 ஆனது. இப்போது 10 ‘முறிந்த எண்’, 25 ‘முறியா எண்’. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் தானாகவே விளங்குகிறது. பஃபலோவின் நான்கு தோல்வியும் அதன் கீழ் உறுத்தாமல் உட்கார்ந்துவிட்டது.

1933இலிருந்தே தொடங்குகிறேன் ஐயா. ஒரு வாரம் கொடுங்கள்.