புதுப்பிப்பு: கோதுமை வாழைப்பழ மஃபின்
போன பதிவுல கோதுமை மாவு மஃபின் ரப்பர் மாதிரி இழுக்குதுன்னு கேட்டிருந்தேன்ல, மாவை ரொம்ப கலக்காதீங்க, கலக்க கலக்க குளூட்டன் (மாவுக்கு இழுவை தர்ற புரதம்) இறுகும்னு சொன்னீங்க. சரின்னு நேதாஜி மார்க்கெட்ல தோல் கறுத்த பழமா வாங்கி (இனிப்பு ஜாஸ்தி, விலையும் கம்மி) வெல்லம், எண்ணெயோட மசிச்சு, ஆப்ப சோடா கொஞ்சம் போட்டு, மாவு அங்கங்க வெள்ளை திட்டா தெரியறப்பவே கரண்டிய கீழ வெச்சுட்டேன், இன்னும் ரெண்டு சுத்து சுத்தலாம்னு கை பரபரன்னுதான் இருந்துச்சு. 180 டிகிரி, 20 நிமிஷம். ஒண்ணு கோணல், ஒண்ணு மேல வெடிச்சு பழம் எட்டிப் பாக்குது, ஆனா உள்ள மெத்துன்னு இருக்கு. வேலூர் வெயில்ல ஓவன் போடறதே பெருசு, இதுல எல்லாம் ஒரே சைஸ்ல வேற வரணுமாக்கும்! அத்தை கோணலானதைத்தான் முதல்ல எடுத்தாங்க. அடுத்து சப்போட்டா, யாராவது போட்டுப் பாத்திருக்கீங்களா?