மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு ஸ்டாட்டின் மாத்திரை: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி:
வணக்கம். 68 வயதான என் தந்தைக்கு ஏழு வாரங்களுக்கு முன்பு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் மாத்திரையை இரவுதோறும் எடுத்து வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆஸ்பிரினுக்கு எதிரே ‘நிறுத்தவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டாட்டினைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதயநோய் மருத்துவர் தொடரச் சொல்கிறார், நரம்பியல் மருத்துவரோ பொறுத்திருக்கச் சொல்கிறார். ஏன் இந்த முரண்பாடு?

பதில் 1:
இதன் வேர் 2006-இல் வெளிவந்த ஸ்பார்க்கிள் ஆய்வில் இருக்கிறது. பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்த 4,731 பேரில் ஒரு பாதியினருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராமும் மறுபாதியினருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்து, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கண்காணித்தார்கள். மொத்தப் பக்கவாதங்கள் குறைந்தன. ஆனால் ரத்தக்கசிவு மட்டும் மருந்து எடுத்தவர்களில் 55 பேருக்கும், எடுக்காதவர்களில் 33 பேருக்கும் வந்தது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தக்குழாய் அடைப்பால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதால், அந்த எண்களை உங்கள் தந்தைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியல்ல.

பதில் 2:
ஸ்டாட்டினை நிறுத்தியவர்களே அதிகம் இறந்ததாக மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்களே? ஆகவே நிறுத்தவே கூடாது என்பது என் கருத்து.

பதில் 3:
மேலே உள்ள கருத்தை ஏற்பதற்கில்லை. நினைவிழந்து, விழுங்கவும் முடியாத நிலையில் இருப்பவருக்குத்தான் மாத்திரைகள் முதலில் நிற்கின்றன. அவர் இறந்தால் காரணம் கசிவின் கடுமையா, மாத்திரை நின்றதா என்பதைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம்.

கேள்வி கேட்டவர் முதலில் பார்க்க வேண்டியது கசிவு ஏற்பட்ட இடத்தை. மூளையின் ஆழத்தில் ஏற்படும் கசிவுக்குப் பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தமே காரணம். அழுத்தத்தை 130/80-க்கு அருகில் வைத்திருந்தால் மறுபடி கசியும் ஆபத்து வெகுவாகக் குறையும் என்பதால், ஸ்டென்ட் உள்ளவருக்கு ஸ்டாட்டினைத் தொடரும் பக்கமே தராசு சாய்கிறது. மேற்புற மடல்களில் ஏற்பட்டிருந்தால் கதை வேறு: முதியவர்களுக்கு அங்கே அமிலாய்டு என்னும் புரதம் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அதை நலிவடையச் செய்வதுண்டு, அத்தகைய குழாய் மீண்டும் கசியும் வாய்ப்பும் அதிகம். எம்.ஆர்.ஐ.யில் கரும்புள்ளிகளாகத் தெரியும் நுண்கசிவுகள் இதற்குத் துப்புக் கொடுக்கும். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும், ஸ்டாட்டின் தேவைப்படும் நோயாளிக்கு இதில் நன்மை மிகுதியா தீமை மிகுதியா என்பது தெளிவாகவில்லை என்றே சொல்கிறது. ஆகவே உங்கள் மருத்துவர்கள் இருவருமே தவறாகப் பேசவில்லை. ஒருவர் இதயத்தைப் பார்க்கிறார், மற்றவர் மூளையைப் பார்க்கிறார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ‘வலது தலாமஸ்’ என்றும், நுண்கசிவுகள் இல்லை என்றும் இருக்கிறது. தலாமஸ் என்பது ஆழப்பகுதிதானே?

பதில் 3:
ஆம், ஆழப்பகுதியே. அந்த அறிக்கையோடு, வீட்டில் காலையும் மாலையும் அளந்த இரண்டு வார ரத்த அழுத்தக் குறிப்பையும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எப்போது, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை இரு மருத்துவர்களும் கலந்து பேசி, எழுத்தில் தரும்படி கேளுங்கள்.