புதுப்பிப்பு: ஏ-ஸ்டார் ஏன் லீயைவிட நீளமான பாதை தந்தது? விடை கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: இரண்டு லேயர் சர்க்யூட் போர்டில் ஏழாவது நெட்டை (கம்பிப் பாதையால் இணைக்க வேண்டிய முனைகள்) லீயின் முறை (1961; எல்லாப் பக்கமும் அலையாகப் பரவித் தேடுவது) 24 கட்டத்தில் முடிக்கிறது, ஏ-ஸ்டார் (1968; இலக்குக்கு மீதமுள்ள செலவை மதிப்பிட்டுத் தேடுவது) 30 கட்டம் சுற்றுகிறது, இரண்டுமே குறுகிய பாதையைத் தர வேண்டாமா என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

அடுத்து எந்தக் கட்டத்தைத் திறப்பது என்ற வரிசைப் பட்டியலை மாற்றச் சொன்னது பலிக்கவில்லை. "ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பீட்டை அச்சிட்டுப் பார் தம்பி" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் சரி. கொழிஞ்சாம்பாறையில் கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியில் உட்கார்ந்து பார்த்தேன். லேயர் மாறும் வயாவுக்கு (இரண்டு லேயரையும் இணைக்கும் துளை) உண்மையான செலவு 1. என் மதிப்பீட்டிலோ 10! பழைய நிரலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண். அதனால் உண்மையில் 24 ஆன அடி லேயர் வழி, 9 கூடி 33 ஆகத் தெரிந்திருக்கிறது. 30-ஐப் பார்த்ததும் ஏ-ஸ்டார் அதைப் பிடித்துக்கொண்டது. மதிப்பீடு உண்மைச் செலவைத் தாண்டினால் குறுகிய பாதைக்கு உத்தரவாதம் இல்லை. 10-ஐ 1 ஆக்கினேன், 24 வந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. தனித்தனியாக எல்லா நெட்டும் இப்போது சமம். ஆனால் எல்லா நெட்டையும் ஒரே போர்டில் மொத்தமாக ஓட்டினால் நீளங்களின் கூட்டுத்தொகை இன்னும் வேறுபடுகிறது. ஒரே நீளமுள்ள பாதைகளில் இரண்டு முறைகளும் வேறு வேறு பாதையைத் தேர்ந்தெடுத்து, பின்னால் வரும் நெட்டை மறிக்கின்றன. இது பிழை இல்லை. ஆனால் மொத்த நீளத்தை வைத்து மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். நான் இப்போது நெட்வாரியாக, திறந்து பார்த்த கட்டங்களின் எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறேன்.