பாப்பாவின் இரவு உடை: திருப்பூரில் எதை எடுப்பது, லீட்ஸில் எதை வாங்குவது?

கோபியிலிருந்து லீட்ஸ் வந்தவர்:

வணக்கம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து லீட்ஸ் வந்து சேர்ந்திருக்கிறோம். மகளுக்கு ஐந்து மாதம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இரவில் என்ன போட்டுப் படுக்கவைப்பது என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து நடக்கிறது. ஸ்வெட்டர், குல்லா, காலுறை, மேலே கம்பளி என்று ஊரிலிருந்து அம்மா போனில் அடுக்குகிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியரோ குல்லாவே கூடாது என்கிறார். தை மாதம் அம்மாவும் அப்பாவும் இங்கே வருகிறார்கள். அதற்கு முன் திருப்பூர் போய்த் துணி எடுக்கப்போகிறார்களாம். எதை எடுத்துவரச் சொல்லட்டும்? எதை இங்கே வாங்கிக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் அக்கா:

செவிலியர் சொல்வதைக் கேளுங்கள், அம்மிணி. உங்கள் அம்மா கோபி வீட்டு மார்கழியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார். ஓட்டுச் சந்திலும் ஜன்னல் இடுக்கிலும் பனி இறங்கும் வீட்டில் குல்லாவுக்கு ஒரு நியாயம் உண்டு. ஹீட்டர் ஓடும் அறையில் அதே குல்லாவும் கம்பளியும் பிள்ளையை வேக வைத்துவிடும். கைக்குழந்தைகள் கூடுதல் சூட்டைத் தலை வழியாக நிறையவே வெளியேற்றுகிறார்கள். குல்லா அந்த வழியை அடைக்கிறது. ஒரு வயதுக்குள் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களில் அதிகச் சூட்டுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் அங்கே இத்தனை கண்டிப்பு.

நான் திருப்பூரில் குழந்தை உடை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருந்தவள். பிறகு மான்செஸ்டர் பக்கம் குடியிருந்து பிள்ளைகளை வளர்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அறையைப் பாருங்கள். பிரிட்டனில் குழந்தைகளின் பாதுகாப்பான தூக்கத்துக்காக உழைக்கும் லல்லபி டிரஸ்ட் என்ற அறக்கட்டளை சொல்லும் அளவு 16 முதல் 20 டிகிரி செல்சியஸ். நமக்கு அது சில்லென்று இருக்கும். குழந்தைக்கு அதுதான் சரி. சிறிய வெப்பமானி ஒன்றைக் கட்டிலருகே வையுங்கள். படுக்கவைக்கும் நேரத்துச் சூட்டை மட்டும் பார்த்துப் பலரும் உடை போடுகிறார்கள். ராத்திரி ஹீட்டர் அணைந்தபின் விடியற்காலையில் அறை வேறு ஆளாகிவிடும். இரவு முழுவதும் 18இல் நிற்கும்படி தெர்மோஸ்டாட்டை வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். பில்லுக்குப் பயந்து அணைப்பவர்கள், விடிகாலையில் ஒருமுறை எழுந்து எண் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்வைக்குப் பதிலாக அங்கே ஸ்லீப்பிங் பேக் உண்டு. கைகள் வெளியே இருக்கும், தோளில் மாட்டும், கால் பக்கம் மூடியிருக்கும். பிள்ளை எவ்வளவு உதைத்தாலும் முகத்துக்கு ஏறாது. அதன் கதகதப்பை டாக் என்ற அளவால் குறிக்கிறார்கள். 1940களில் மான்செஸ்டரின் ஷெர்லி இன்ஸ்டிடியூட் என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த அளவு அது. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கேட்டே வளர்ந்த நமக்கு, அசல் மான்செஸ்டரிலிருந்து வந்த சீதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை 16 முதல் 20 வரை இருந்தால் 2.5 டாக், 20ஐத் தாண்டினால் 1 டாக், 24க்கு மேல் 0.5 டாக் போதும். உள்ளே முழுக்கை பருத்தி உடை ஒன்று. அறை 16, 17 என்று இறங்கினால் அதற்கும் உள்ளே ஒரு கையில்லாத பனியன். இதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

குளிர்கிறதா என்று கையையும் காலையும் தொட்டுப் பார்க்காதீர்கள். அவை பொதுவாகவே சில்லென்றுதான் இருக்கும். பாட்டிமார் பதறுவதே அதைத் தொட்டுவிட்டுத்தான். பிடரியிலோ நெஞ்சிலோ விரலை வையுங்கள். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கை அங்கேயே வாங்குங்கள். பயன்படுத்திய நல்ல பை அறக்கட்டளைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஜிப்பும் தையலும் உறுதியாக இருக்க வேண்டும், கழுத்து வழியாகத் தலை உள்ளே நழுவக் கூடாது, தலைமூடி வைத்தது கூடவே கூடாது.

உள்ளே போடும் பருத்தி உடைக்கு மட்டும் திருப்பூரை விடாதீர்கள். அங்கே காதர்பேட்டைக் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய உடை, குவிந்து கிடக்கும். அம்மாவை அங்கே அனுப்புமுன் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். குளிருக்கு இன்டர்லாக் துணி நல்லது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும், இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய ஒற்றைப் பின்னல் துணி கோடைக்கு. எடை கேட்டால் தெரிந்த கடைக்காரர் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) சொல்வார், 200 பக்கம் இருந்தால் இன்டர்லாக் கனமானது, 150 பக்கம் இருந்தால் மெல்லியது. கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்து, தொய்ந்து நின்றால் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள். தோளில் துணி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் கழுத்து வகை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நடுராத்திரி டயப்பர் தாண்டி முதுகுவரை போய்விட்டால், அந்த உடையைத் தலைவழியே கழற்றாமல் தோளிலிருந்து கீழ்நோக்கி உருவிவிடலாம். அந்தக் கழுத்து வைத்ததன் பயன் தெரியாமலே பலர் பிள்ளையை வளர்த்துவிடுகிறார்கள்!

நெஞ்சில் பெரிய ரப்பர் பிரின்ட் போட்ட உடை வேண்டாம். அந்த இடத்தில் காற்று போகாது. டிச் பட்டன் வைத்த உடையானால் பட்டனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே இன்னொரு துணிப்பட்டி கொடுத்திருந்தால் நிற்கும். ஒற்றைத் துணியில் அறைந்த பட்டன் பிய்ந்துவரும், பிய்ந்தது நேரே வாய்க்குத்தான் போகும். ஏற்றுமதிக்குப் போகும் உடையில் பட்டனை 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்ப்பார்கள். கடையில் நின்று உங்கள் அம்மா கட்டைவிரலால் நன்றாக இழுத்துப் பார்த்தாலே நிறைய தெரிந்துவிடும்.

அடுத்தது பிசிறு. கால் மூடிய உடையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பாதத்தில் தொங்கும் நூலையெல்லாம் வெட்டிவிடுங்கள். தளர்ந்த நூலோ தலைமுடியோ சுண்டுவிரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காரணமில்லாமல் பிள்ளை வீறிட்டு அழுதால் கால் விரல்களைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஜிப் நல்லதா பட்டன் நல்லதா என்று கேட்டால், இரவுக்கு ஜிப்தான். அதிலும் கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப்பாக இருந்தால் நெஞ்சைத் திறக்காமலே டயப்பர் மாற்றிவிடலாம். தாடையில் படும் முனைக்குத் துணி மடிப்பு இருக்க வேண்டும். இதைக் காதர்பேட்டையில் தேடி அலைவதைவிட லீட்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவது எளிது. கையில் மடித்துப் போடும் உறை சேர்ந்தே தைத்த உடையும் அங்கேயே கிடைக்கும். முகத்தைக் கீறிக்கொள்ளும் பிள்ளைக்குத் தனி கையுறை தேவைப்படாது.

அம்மா எடுத்துவர வேண்டாதவை: கம்பளி ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கழுத்தில் நாடா கட்டும் ஜப்லா, ஃபிரில் வைத்த நைலான் கவுன். சென்னிமலைப் போர்வை தாராளமாக வரட்டும், நீங்களும் மாப்பிள்ளையும் போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு வயதுவரை பிள்ளையின் கட்டிலுக்குள் அது போக வேண்டாம். பவானி ஜமக்காளத்துக்குப் பெட்டியில் இடம் இருந்தால் பகலில் குப்புறப் படுத்து விளையாட விரிக்கலாம். சேலைத் தொட்டிலும் இரவுத் தூக்கத்துக்கு வேண்டாம். மெத்தை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். பிள்ளை மல்லாந்து படுக்க வேண்டும்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு கரூர்க்காரர்:

அக்கா, என் மகனுக்கு ஒன்றரை வயது. பாட்டி ஊரில் எடுத்துத் தந்த பருத்திப் பைஜாமா தொளதொளவென்று வசதியாக இருக்கிறது. இங்கே கடையில் வாங்கிய பருத்திப் பைஜாமா உடம்பைப் பிடிக்கிறது. மஞ்சள் அட்டை ஒன்று வேறு தொங்குகிறது. துணியை மிச்சம் பிடிக்கிறார்களா?

திருப்பூர் அக்கா:

தம்பி, எனக்கும் கட்டிங் மேசையில் அந்த அளவுகளை முதலில் பார்த்தபோது இதே சந்தேகம் வந்தது. அது சட்டம். தொளதொளப்பான பருத்தியில் உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று நிற்கும். தீப்பொறி பட்டால் அந்தக் காற்றே தீயை வளர்க்கும். ஒட்டிய துணிக்கு அந்த வசதி இல்லை. அதனால் அமெரிக்காவில் 9 மாத அளவைத் தாண்டிய குழந்தைகளின் இரவு உடை தீச்சோதனையில் தேற வேண்டும்; இல்லையென்றால் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். மஞ்சள் அட்டை சொல்வது அதைத்தான். ஒரு காலத்தில் டிரிஸ் என்ற ரசாயனத்தில் துணியைத் தோய்த்து எரியாமல் செய்தார்கள். அது புற்றுநோய்க்கு இடம் தரும் என்று கண்டு 1977இல் தடை செய்தார்கள். ஒட்டிய பருத்திக்கு 1996இல் வழிவிட்டார்கள். தொளதொளப்பாக அங்கே விற்பது பெரும்பாலும் பாலியெஸ்டராக இருப்பதும் இதனால்தான். அது எளிதில் பற்றாது, ஆனால் பிள்ளைக்கு வியர்க்கும்.

வளரும் பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடு என்ற நம் பழக்கம் பட்டுப்பாவாடைக்குச் சரி. இரவு உடைக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். சாமி விளக்கும் ஊதுவத்தியும் காஸ் அடுப்பும் உள்ள நம் வீடுகளில் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். பாட்டி தந்ததைப் பகலில் போடுங்கள், மனம் நோகாது.

பிரிட்டனிலும் 1985இல் வந்த விதி உண்டு. குழந்தைகளின் நைட்டி, மேலங்கி போன்றவை தீச்சோதனையில் தேற வேண்டும். பைஜாமாவிலும் கைக்குழந்தை உடையிலும் தேறியதா இல்லையா என்று லேபிள் சொல்ல வேண்டும். சர்ப்ளஸ் துணியில் பெரும்பாலும் லேபிளை வெட்டியிருப்பார்கள். ஆகவே காதர்பேட்டையில் ஒட்டிய உடையை மட்டும் எடுங்கள், நீள கவுனைத் தொடாதீர்கள். தீச்சோதனை தேறிய உடைக்குத் துணி மிருதுவாக்கும் திரவம் போட்டால் அந்தக் குணம் குறையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மெல்பர்னிலிருந்து ஒரு பொள்ளாச்சிக்காரர்:

ஆஸ்திரேலியா வருபவர்களுக்கு: இங்கே வெள்ளை லேபிள் என்றால் தீ ஆபத்து குறைவு, சிவப்பு லேபிள் என்றால் அதிகம். அளவு எண்கள் தலைசுற்ற வைக்கும். 000 என்றால் 3 மாதம் வரை, 00 என்றால் 3 முதல் 6, 0 என்றால் 6 முதல் 12. தை மாதம் இங்கே உச்சக் கோடை. இன்டர்லாக்கை எடுத்துவந்து பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

கோபியிலிருந்து லீட்ஸ் வந்தவர்:

நன்றி அக்கா. அரைஞாண் கயிறும் வசம்பு வளையலும் இரவில் இருக்கலாமா? அம்மாவிடம் என்ன சைஸ் சொல்லட்டும்?

திருப்பூர் அக்கா:

வசம்பு வளையலைப் படுக்குமுன் கழற்றிவிடுங்கள். நூல் அறுந்தால் துண்டு வாய்க்குப் போகும். கழுத்தில் கறுப்புக் கயிறு இருந்தால் அதையும் கழற்றுங்கள். அரைஞாண் தளர்ந்து தொங்காமல் உடைக்குள் படிந்திருக்கட்டும், டயப்பர் ஓரத்தில் சிக்காமல் பாருங்கள். குலதெய்வக் கயிறு என்று அம்மா தயங்கினால் கட்டிலின் கம்பியில் கட்டாமல் எட்டாத உயரத்தில் சாமி படத்துக்கு மாட்டச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

அளவுக்கு மாதக் கணக்கை நம்பாதீர்கள். அவர்கள் வரும்போது பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். மார்கழிக் கடைசியில் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். ஐரோப்பிய அளவில் 74 என்று போட்டிருந்தால் அது 68 முதல் 74 செ.மீ. நீளமுள்ள பிள்ளைக்கு. பருத்திப் பின்னல் துவைத்தால் ஐந்து சதவீதம் வரை சுருங்கும். டிரையரில் போட்டால் இன்னும் கூட. அளவு இரண்டுக்கு நடுவே விழுந்தால் மட்டும் பெரியதை எடுக்கட்டும். வயதை மட்டும் சொல்லி அனுப்பினால், பிள்ளைக்கு இரண்டு வயது ஆனபின்னும் போடும்படி கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார், உங்கள் அம்மாவும் மகிழ்ச்சியாக வாங்கி வந்துவிடுவார்.